கூப்பிட்டா வராத வீடு

பயமா? யாருக்கு, எனக்கா? என்ன கேட்டீங்க தம்பி, திரும்ப ஒரு தடவ சொல்லுங்க. புயலுக்குப் பயந்து கெளம்பிட்டீங்களான்னா? சரிதான் போங்க. பக்கத்து சீட்டுல வந்து உக்காந்து ஒரு ஊரு தாண்டல, அதுக்குள்ள இந்தக் கேள்வி. ஒங்க மேல தப்பு இல்ல, நீங்க வெளியூரு. எங்க ஊர்ல எந்தப் பயலும் என் மூஞ்சிக்கு நேரா இதக் கேட்டுட மாட்டான். முதுகுக்குப் பின்னாலதான் கேப்பான். இந்நேரம் கேட்டுக்கிட்டு இருந்தாலும் இருப்பானுங்க.

அந்த ஷட்டரக் கொஞ்சம் எறக்கி விடுங்க, சாரல் அடிக்குது. வரலியா? வராது. இந்த ரூட்டுல எந்த பஸ்ஸுலயும் வராது. விடுங்க, நனைவோம்.

என் பேரு உத்திராபதி. மைக்செட் உத்திராபதின்னு வேதாரண்யம் பக்கம் எந்தக் கடலோரத்து ஊர்ல வேணாலும் போய்க் கேளுங்க. கல்யாணம், காதுகுத்து, கோயில் திருழா, கட்சிக் கூட்டம், சாவு, எதுவா இருந்தாலும் என் கொழாய் ஸ்பீக்கரக் கட்டாம நடக்காது. சும்மா பாட்டுப் போடுறவன் இல்ல நான். பேச்சும் என்னுதுதான். முன்னாடி அடிச்சுதே பெரிய புயல், அப்ப ஊரு முழுக்கச் சொன்னது யாரு? நான்தான். பஞ்சாயத்துலேர்ந்து வீட்டுக்கு வந்து கேட்டாங்க. வேப்ப மரத்துல ரெண்டு கொழாயக் கட்டி, மொத நாளு காலையிலேர்ந்து தொண்டை கிழியக் கத்தினேன். 'பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு! கூரை வீட்டில் இருப்பவர்கள், ஓட்டு வீட்டில் இருப்பவர்கள், உடனே பள்ளிக்கூடத்திற்கு வந்துவிடுங்கள். ஆடு மாடுகளை அவிழ்த்து விட்டுவிடுங்கள். பொருளைப் பார்க்காதீர்கள், உயிரைப் பாருங்கள்.' அந்தக் கடைசி வரி அவங்க எழுதிக் குடுத்ததுல இல்ல. நானா சேத்தது. கேட்டவங்க அத்தனை பேரும் நல்லா இருந்துச்சுன்னு சொன்னாங்க.

அப்படி ஊரையே கெளப்பிக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்துல சேத்தவன் தம்பி நான். அந்த என் வீட்டுக்கு இப்ப ஒரு அடையாளம் வச்சிருக்கானுங்க. என்ன அடையாளம் தெரியுமா? குங்குமம். படுத்த படுக்கையா கெடக்குற தையல்நாயகிக் கெழவி வீட்டுக்கு ஒரு பொட்டு. ரெண்டு கண்ணும் தெரியாத வைத்தி வீட்டுக்கு ஒரு பொட்டு. நெற மாசமா இருக்குற ஒரு புள்ள வீட்டுக்கு ஒரு பொட்டு. அப்புறம் எனக்கு. பாருங்க என்னைய. நல்லாப் பாருங்க. கையி இருக்குல்ல? காலு இருக்குல்ல? இந்தத் தேதிக்கும் ஆம்ப்ளிஃபயர் பெட்டிய ஒத்தை ஆளாத் தூக்கி வண்டியில வைப்பேன். எனக்குப் பொட்டு!

எல்லாம் அந்தத் திட்டம் போட்டதுல வந்த வினை. புயல் போயி, செத்தவங்களுக்கு எல்லாம் செஞ்சு முடிச்சு, விழுந்த தென்னைய அறுத்து அடுக்கி, ஒரு வழியா ஊரு மூச்சு விட்டதும், நாகப்பட்டினத்துலேர்ந்து ஒரு தொண்டு நிறுவனம் வந்துச்சு. ஜீன்ஸு போட்ட ஒரு பொண்ணு. நல்ல பொண்ணுதான், மரியாதையாத்தான் பேசுச்சு. அடுத்த புயல், அடுத்த வெள்ளம் வர்றதுக்குள்ள ஊரே கூடி உக்காந்து திட்டம் போடணும், வெளியில இருந்து யாரும் போட்டுக் குடுக்க முடியாதுன்னுச்சு. நானும் சரின்னேன். மொத நாளு மைக்செட்டு என்னுது. ஓசிக்குத்தான் கட்டினேன்.

பள்ளிக்கூட மைதானத்துல பொம்பளைங்களக் கூப்பிட்டு, கோலமாவால ஊர வரையச் சொல்லுச்சு அந்தப் பொண்ணு. தெரு, வாய்க்கா, கொளம், கோயிலு, எல்லாம் தரையில. வரைஞ்சாளுங்க. பொய் சொல்லக் கூடாது, நல்லாத்தான் வரைஞ்சாளுங்க, ஒரு சந்து விடல. அப்புறம் தண்ணி நின்ன எடத்துக்கெல்லாம் நீலப் பொடியத் தூவச் சொல்லுச்சு. எங்க தெருவுலயும் தூவிட்டாளுங்க. நான் எந்திரிச்சேன். 'ஏம்மா, எங்க தெருவுல எந்தக் காலத்துல தண்ணி நின்னுது?'ன்னேன். 'மாமா, ஒங்க வீட்டுக்குள்ள முழங்காலுக்கு நின்னுச்சு, நாங்கதான் அள்ளி ஊத்தினோம்'ங்குறா ஒருத்தி. சிரிக்கிறாளுங்க எல்லாரும். அது வேற தண்ணி, வழி தெரியாம வந்த தண்ணி. அதையெல்லாம் கணக்குல சேத்தா எந்தத் தெருதான் தேறும்?

நல்லதும் செஞ்சாங்க. இல்லைங்கல. வடிகால்ல மண்டிக் கெடந்த ஆகாயத்தாமரைய எல்லாத் தெருவும் முறை வச்சு எடுக்கணும்னு முடிவு பண்ணினாங்க, எடுத்தாங்க. நானும் ஆளு விட்டேன். கைப்பம்ப மேடை கட்டி ஒசத்தினாங்க. லாரி டியூபு, கயிறு, டார்ச்சு எல்லாம் வாங்கிப் பள்ளிக்கூடத்துல வச்சாங்க. அதெல்லாம் சரி. ஆனா நான் என்ன சொன்னேன்? ஊருக்கு நடுவுல இரும்புக் கம்பம் நட்டு, நாலு பக்கமும் கொழாய் வச்சு, பேட்டரியில ஓடுற மாதிரி நிரந்தரமா ஒரு செட்டு போடுவோம், நான் இருந்து பாத்துக்குறேன்னேன். ஒரு மணி நேரம் எடுத்துச் சொன்னேன் தம்பி. கேட்டுட்டு அந்தப் பொண்ணு என்ன சொல்லுது? 'ஐயா, போன தடவ எல்லாருக்கும் கேட்டுச்சு. கேட்டுட்டும் சில பேரு வரல. அதனால ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் ஆளு போயி, மூஞ்சியப் பாத்துக் கூப்பிடணும்.' அவ்வளவுதான். சைக்கிள் ஓட்டுற பொம்பளைப் புள்ளைங்க கையில, கைப்பிடியச் சுத்தினா ஊதுற சைரனக் குடுத்துட்டாங்க. இத்தனை வருஷம் ஊருக்குக் கொரல் குடுத்தவன் ஓரமா நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன்.

அதுக்கப்புறம்தான் இந்தக் குங்குமம். தானா வர முடியாதவங்க இருக்குற வீட்டுக்கெல்லாம் ஒரு சிட்டிகை வைங்க, அந்த வீட்டுக்குன்னு ஒரு ஆளப் பொறுப்பாப் போடுவோம், அந்த ஆளு அவங்களக் கூட்டிக்கிட்டுத்தான் பள்ளிக்கூடத்துக்குள்ள வரணும்னு திட்டம். வச்சாங்க. முடிஞ்சுதுன்னு நெனச்சோம். அப்பதான் மலர்க்கொடி எந்திரிச்சா.

மலர்க்கொடி யாருன்னா, சிங்காரவேலு பொண்டாட்டி. சிங்காரவேலு இல்ல இப்ப. அந்தப் புயல்ல போயிட்டான். எனக்கு அண்ணன் மவன் முறை. சித்தப்பா, சித்தப்பான்னு காலச் சுத்திக்கிட்டே கெடப்பான், நல்ல பய. அவன் பொண்டாட்டி நேரா வந்தா, குங்குமத் தட்டுல கைய வச்சா, ஒரு சிட்டிகை எடுத்தா, குனிஞ்சு என் வீட்டு மேல வச்சா. தாலி அறுத்தவ தம்பி! புருசன் செத்து வருஷம் திரும்பல. அவ குங்குமத்தத் தொடலாமா? அதுவும் ஒரு வீட்டுக்கு வைக்கலாமா? நம்மள்ல உண்டா அந்த வழக்கம்? அத்தனை கெழவிங்க உக்காந்திருக்குதுங்க, மத்த நாள்ல அவ எதிர்ல வந்தாலே முணுமுணுக்குற கூட்டம், ஒண்ணாவது வாயத் தொறக்கணுமே! எல்லாம் தரையப் பாத்துக்கிட்டு இருக்குதுங்க.

'என்னா மலரு இது? நான் என்ன முடவனா?'ன்னேன். அவ நிமிந்து பாத்துட்டு, 'முடியாதவங்களுக்கு மட்டும் இல்ல மாமா, கூப்பிட்டா வராதவங்களுக்கும் ஆளு வேணும்'னா. கோவமாக்கூடச் சொல்லல. அதான் எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

என்ன நடந்துச்சுன்னு சொல்றேன், நீங்களே நாயம் சொல்லுங்க. நீங்க பொது ஆளு. அன்னைக்குப் பட்டப் பகல்லதான் புயலு கரை ஏறுச்சு. காலையில கரண்டு போனதும் என் கொழாயும் நின்னு போச்சு. எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் போயாச்சு. சிங்காரவேலு வந்து, 'வா சித்தப்பா போவோம்'னான். பெட்டியெல்லாம் தரையில கெடக்கு. ஆம்ப்ளிஃபயரு, யூனிட்டு, மைக்கு. தண்ணி வந்தா என்னாவுறது? அதையெல்லாம் பரண் மேல ஏத்திக் கட்ட வேணாமா? 'இரு, ஏத்திட்டு வரேன்'னேன். அவனும் கூட நின்னு ரெண்டு பெட்டி ஏத்தினான். காத்து ஏறுது. 'போதும் சித்தப்பா'ங்குறான். அங்க பொண்டாட்டி, ரெண்டு புள்ளைங்க தனியா இருக்குதுங்க அவனுக்கு. நான்தான் சொன்னேன், 'நீ போ, நான் பின்னாலயே வரேன். இந்தா, கதவச் சாத்திக்கிட்டு வந்துட்டேன்'னேன். அவன் நல்லதுக்குத்தானே சொன்னேன்? போனான்.

நான் போவல. ஏன் போவணும்? என் வீடு ஓட்டு வீடு இல்ல, காரை போட்ட மெத்தை வீடு. எங்கப்பா கட்டினது, எத்தனையோ காத்தப் பாத்தது. கதவ உள்பக்கம் தாப்பாப் போட்டுக்கிட்டு உக்காந்துட்டேன். பின்னாலயே வரேங்குறது எல்லாரும் சொல்ற வார்த்தைதானே? போய்த் தொலைங்கடான்னு சொல்றதுக்குப் பதிலாச் சொல்றது. நீங்க சொன்னதே இல்லியா?

அவன் அங்க போயிப் பாத்திருக்கான். என்னையக் காணும். சித்தப்பா வரேன்னு சொல்லுச்சே, வழியில மாட்டிக்கிச்சோ என்னமோன்னு பொண்டாட்டிகிட்டச் சொல்லிட்டு, திரும்பக் கெளம்பியிருக்கான். அவ கையப் புடிச்சு இழுத்தாளாம். 'இல்ல மலரு, பின்னாலயே வரேன்னு சொல்லுச்சு'ன்னு ஒதறிட்டு வந்திருக்கான். கடைத்தெரு முக்குல தென்னை சாஞ்சுது. அவ்வளவுதான்.

இங்க பாருங்க தம்பி. என் வீட்டு வாசலுக்குக்கூட அவன் வரல. கடைத்தெரு முக்கு எங்க இருக்கு, என் வீடு எங்க இருக்கு! என் வீட்டு மரமும் இல்ல அது. நான் கூப்பிட்டனா? வான்னு சொன்னனா? போன்னுதானே சொன்னேன்? அப்புறம் எப்படி அதக் கொண்டாந்து என் தலையில கட்டுறது? ஒருத்தரும் வாயால சொல்லல, சொன்னாத்தான் நான் பதில் சொல்லிடுவேனே. பார்வையில சொல்றானுங்க. டீக்கடையில நான் போயி உக்காந்தா பேச்சு நின்னு போவுது.

நான் என்ன செய்யாம விட்டேன்? மறுநாளு, எல்லா வீட்டுலயும் எல்லாம் போயிருக்கு, என் ஆம்ப்ளிஃபயர் மட்டும் ஒரு சொட்டு நனையல. லாரி பேட்டரி ஒண்ணு இரவல் வாங்கி மாட்டி, சிங்காரவேலு சாவ நான்தான் ஊருக்கு அறிவிச்சேன். 'காலமானார் என்பதை வருத்தத்துடன்'னு சொல்லும்போது கொரல் உடைஞ்சு போச்சு எனக்கு. அந்த மைக்கு இல்லாட்டி அக்கம்பக்கத்து ஊருக்கு எப்படித் தெரியும்? அத ஒருத்தன் நெனைக்கிறானா?

சரி, மைதானத்துக்கு வரேன். பொட்டு வச்ச வீட்டுக்கெல்லாம் ஆளு போட்டாங்க. தையல்நாயகிக்கு ரெண்டு பேரு போட்டி போட்டுக்கிட்டு வந்தானுங்க. வைத்திக்கு ஒருத்தன் வந்தான். என் வீட்டுப் பேரப் படிச்சாங்க. யாரும் கையத் தூக்கல. நான் யாருக்கெல்லாம் ஓசிக்குப் பாட்டுப் போட்டனோ அத்தனை பயலுங்களும் இருக்கானுங்க. ஒருத்தனும் தூக்கல. அந்தப் பொண்ணு மறுபடி கேக்குது. 'நான் போறேன்'னா மலர்க்கொடி.

'வேணாம்! யாரும் வரவேணாம் எனக்கு! நீ வரவே வேணாம்!'னு கத்தினேன். மைக்கே தேவைப்படல. கத்திட்டு வீட்டுக்கு வந்துட்டேன். அதுக்கப்புறம் கூட்டத்துப் பக்கம் தலை வச்சுப் படுக்கல.

போன ஞாயித்துக்கெழமை ஒத்திகை. நெசமாவே புயலு வந்தா எப்படியோ அப்படி. சைரன் சுத்துது, எல்லாம் ஓடுதுங்க. பொட்டு வச்ச வீட்டு ஆளுங்க எல்லாரும் வந்து சேந்தாத்தான் ஒத்திகை முடியும், முடிஞ்சாத்தான் சாப்பாடு. மலர்க்கொடி என் வாசல்ல வந்து நின்னா. 'வாங்க மாமா'ன்னா. 'வர முடியாது'ன்னேன். சரின்னு வாசப்படியில உக்காந்துட்டா. வெயிலுன்னா அப்படி ஒரு வெயிலு. நானும் உள்ள உக்காந்துட்டேன், எவ்வளவு நேரம் உக்காந்துடுவா பாப்போம்னு. அங்க பள்ளிக்கூடத்துல ஊரே சோத்துக்குக் காத்துக்கிட்டு இருக்கு. புள்ளைங்க அழுவுறது என் வீடு வரைக்கும் கேக்குது. பஞ்சாயத்துத் தலைவர் வந்து கெஞ்சிட்டுப் போனாரு. அந்தப் பொண்ணு வந்து கெஞ்சுச்சு. நான் அசையல. மலர்க்கொடியும் அசையல. கடைசியில அவங்களே ஒத்திகைய முடிச்சுக்கிட்டாங்க. நான்தான் ஜெயிச்சேன்னு வைங்க.

அவ எந்திரிச்சுப் பொடவைய ஒதறிக்கிட்டா. ஜன்னலுக்கு நேரா வந்தா. 'அவரு ஒங்களக் கூப்பிட ரெண்டு தடவ வந்தாரு மாமா. நான் ஒரு தடவதான் வருவேன். வந்தா ஒங்களோடதான் திரும்புவேன். காத்து அடிச்சாலும் சரி, தண்ணி வந்தாலும் சரி, இந்தப் படியில உக்காந்திருப்பேன்'னா. சொல்லிட்டுப் போயிட்டா.

என்ன திமிரு பாத்தீங்களா? ரெண்டு புள்ளைங்கள வச்சுக்கிட்டுப் பேசுற பேச்சா இது? அப்பன் இல்லாத புள்ளைங்க! பெரியது இப்பதான் பள்ளிக்கூடம் போவுது, சின்னதுக்கு இன்னும் வாயில வெரலு. ஒரு பொம்பளைக்கு அறிவு வேணாமா? நான் போவேன், போவாம இருப்பேன், அது என் இஷ்டம். என் வீடு, என் உசுரு. அதுல இவ எதுக்கு வந்து உக்காரணும்? சொல்லுங்க, எதுக்கு? மிரட்டுறா தம்பி என்னைய. அவ செய்வா. அவ அப்படிப்பட்டவதான். உக்காருவா.

இன்னைக்குக் காலையில சைரன் சுத்திக்கிட்டு வந்துச்சுங்க புள்ளைங்க. சாயந்தரம் கரை ஏறுமாம். எங்க ஊரு பக்கமாத்தானாம். நான் ஒண்ணும் பயப்படல. மவன் கும்பகோணத்துல இருக்கான், பேரப் புள்ளையப் பாத்து நாளாச்சு, பாத்துட்டு வருவோம்னு தோணுச்சு. இன்னைக்குத்தான் தோணுச்சு, அதுக்கு நான் என்ன பண்ண? எப்பவும்போல முன்கதவ உள்பக்கம் தாப்பாப் போட்டுட்டு, கொல்லைப்பக்கமாப் பூட்டிக்கிட்டு, வாய்க்கா வரப்பு வழியா ரோட்டுக்கு வந்து பஸ் ஏறிட்டேன். பெட்டியெல்லாம் தரையில கெடக்கு. ஏத்தல. நேரம் இல்ல. போனாப் போவுது. யாருகிட்டயும் சொல்லல. சொல்லிட்டு வந்தா மைக்செட்டு பயந்து ஓடிட்டான்னு சிரிப்பானுங்களே! வாழ்நாளு பூரா சொல்லிச் சிரிப்பானுங்க. நம்ம மானம் நமக்கு முக்கியம் இல்லியா?

காத்து ஏறுது, பாருங்க அந்த மரத்த. திருத்துறைப்பூண்டியே தாண்டல, இங்கயே இப்படின்னா அங்க எப்படி இருக்கும்?

போனு அடிக்குது. இருங்க. அவதான். அவ நம்பருதான். எடுக்கப் போறதில்ல. அடிச்சு ஓயட்டும். நின்னுடுச்சா? பாருங்க, மறுபடி அடிக்குறா. விட மாட்டா.

ஹலோ. சொல்லு. என்னா? எங்க நிக்கிற? கத்திச் சொல்லு, காத்து எரையுது. என் வாசல்லயா? ஏ மலரு, நான் வீட்டுல இல்ல. இல்லன்னு சொல்றேன்ல! கெளம்பு அங்கேருந்து. உள்ளயெல்லாம் இல்ல, தாப்பா நான்தான் போட்டேன், போட்டுட்டுக் கொல்லைப்பக்கமா வந்துட்டேன். கொல்லைப்பக்கம் போயிப் பாரு, பூட்டு தொங்கும். ஏய், வேணாம், போவாத, அங்க தென்னை நிக்கிது, போவாத! நான் பஸ்ஸுல இருக்கேன். கும்பகோணம் பஸ்ஸுல. நெசமாத்தான். என் பேரன் மேல சத்தியமா. மலரு, புள்ளைங்க எங்க? பள்ளிக்கூடத்துலயா? நீ போ அங்க. நீ போ, நான்... இல்ல, அப்படிச் சொல்லல. அப்படிச் சொல்லல நான். மலரு! உக்காராத! எந்திரி!

தம்பி. தம்பி, இந்தாங்க, இதப் புடிங்க. நீங்க பேசுங்க. ஒங்க பேரச் சொல்லுங்க, ஊரச் சொல்லுங்க, பக்கத்து சீட்டுல இந்த ஆளு உக்காந்திருக்கான்னு சொல்லுங்க. நீல சட்டை போட்டிருக்கான்னு சொல்லுங்க. கண்டக்டரக் கூப்பிடுங்க, அவரையும் பேசச் சொல்லுங்க. வீட்டுக்குள்ள யாரும் இல்ல, எந்திரிச்சுப் புள்ளைங்ககிட்டப் போகச் சொல்லுங்க.

கத்திச் சொல்லுங்க தம்பி. நான் சொன்னா நம்ப மாட்டா.